நாலு தசம் ஒன்பது ஏக்கர்

மூன்றிலொன்று என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தால் அந்தப் பதினொரு நாளும் எனக்கு மிச்சமாகியிருக்கும். நான் தசமத்தில் எழுதினேன். தசமத்தில் எழுதத் தெரிந்தவன் எங்கள் குடும்பத்திலேயே நான் ஒருவன்தான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருக்கவில்லை.

பள்ளிக்கூடம் போய் உயர்தர வகுப்பு வரை எட்டிய முதல் ஆள் எங்கள் வீட்டில் நான். வாப்பா கரைவலை இழுக்கப் போகிறவர். கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுவார். உம்மா குர்ஆன் ஓதுவார். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. எண்பதுகளின் தொடக்கம் அது. சவூதிக்குப் போனவர்களின் பெட்டிகள் கல்முனையில் வீடு வீடாக இறங்கிக்கொண்டிருந்தன. வாசிக்கத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் வளவின் நம்பிக்கை. கடிதம், மருந்துப் போத்தல், பாஸ்போட் படிவம் எல்லாம் என்னிடம்தான் வரும். ஒருமுறை தையல் மெசினோடு வந்த ஜப்பான் எழுத்துத் தாளையும் கொண்டுவந்து நீட்டினார்கள். தெரியாது என்றேன். "மறுகா என்னத்துக்கு ஒன்ன நாங்க பஸ்ஸுக்குக் காசு குடுத்து அனுப்புற?" என்று உம்மா எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

அப்படிப்பட்ட வீட்டில் வயல் பிரிக்கிற வேலை வந்தால் அது யாரிடம் வரும்?

உம்மாவின் வாப்பா மவுத்தானபோது சம்மாந்துறைக்கு அப்பால் ஐந்து ஏக்கர் வயலை விட்டுப் போனார். அவருடைய மனைவி அதற்கு முன்பே மவுத்து. பிள்ளைகள் இரண்டே பேர். மூத்தவர் மாமா, இளையவர் உம்மா. மார்க்கப்படி ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. இதில் சண்டை பிடிக்க எதுவுமே இல்லை. மாமா ஆசை பிடித்தவரும் அல்ல. ஆசை பிடித்தவராக இருந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அவர் பயந்தவர். தங்கச்சியின் பங்கில் ஒரு மண்கட்டி தன் பக்கம் விழுந்தாலும் மறுமையில் அதைக் கழுத்தில் மாட்டி நிறுத்துவார்கள் என்று நம்புகிறவர்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த கையோடு மாமா சொல்லிவிட்டார்: பங்கு எழுதி இரண்டு பேரும் ஒப்பம் வைக்காமல் அந்த வயலில் உழவு மெசின் இறங்காது. சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளை விவசாயிகள் கூட்டத்தில் ஏற்கெனவே குறித்திருந்தார்கள். அதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்த நாளில் உழுது வரம்பு கட்டி நிற்காத வயலுக்கு அந்தப் போகம் இல்லை. தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். மாரியில் கடல் கொந்தளித்து வாப்பா கரையில் சும்மா இருக்கும் மாதங்களில் நாங்கள் தின்றது சிறுபோக நெல்லைத்தான். ஆகவே அந்த ஒப்பம் எங்கள் மாரிச் சோறு.

ஐந்தை மூன்றால் பிரிக்க வேண்டும். மாமாவின் மகன் சவூதியிலிருந்து எனக்கென்று ஒரு கல்குலேட்டர் அனுப்பியிருந்தான். உள்ளங்கை அகலம், எட்டு இலக்கம் காட்டும். அதைப் பாய்க்கு நடுவில் வைத்து, கணித ஆசிரியர் மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு அமத்தினேன். உம்மாவுக்கு 1.6666666 ஏக்கர். மாமாவுக்கு 3.3333333 ஏக்கர். ஒற்றைக்கோட்டுத் தாளில் அழகாக எழுதினேன். மூன்றிலொன்று, மூன்றிலிரண்டு என்று எழுதுவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் வேலை என்று நினைத்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

மாமாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் இலக்கம் தெரியும். பஸ் இலக்கம், தராசு இலக்கம் எல்லாம் பார்ப்பார். தாளைப் பார்த்துவிட்டு, "ரெண்டையும் கூட்டு மகன்" என்றார்.

கூட்டினேன். கல்குலேட்டர் கண்ணாடியில் 4.9999999 என்று வந்தது.

"எவ்வளவு வந்திரிக்கி?"

"அஞ்சு, மாமா."

மாமா குனிந்து பார்த்தார். "முன்னுக்கு நிக்கிறது நாலெல்லவா?"

"நாலுதான். ஆனா அது அஞ்சு."

"நாலெண்டா நாலெண்டு செல்லு. அஞ்செண்டா அஞ்செண்டு செல்லு. மவுத்தான மனிசன்ட வயல் அஞ்சேக்கர். மிச்சம் எங்க?"

சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. "மாமா, கொறையிறது ஒரு பெருவிரல் வைக்கிற இடம் கூட இல்ல" என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். உண்மையில் அது பெருவிரல் வைக்கிற இடமளவு இருந்தது. இரண்டு சென்ரிமீற்றர் நீளம், இரண்டு சென்ரிமீற்றர் அகலம்.

"அதில ஒரு நெல்லு முளைக்குமா, முளைக்காதா?"

நான் யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது. "முளைக்கும்."

"முளைச்சாக் கதிர் வரும். கதிர் வந்தா அது ஆருட கதிர்?"

அன்றைக்கு ஒப்பம் இல்லை.

மறுநாள் சரியாக விளக்கப் போனேன். குற்றம் கல்குலேட்டரில், அது எட்டு இலக்கத்தோடு நின்றுவிடுகிறது, உண்மையில் இந்த ஒன்பதுகள் நிற்கவே நிற்காது, போய்க்கொண்டே இருக்கும், இதற்கு மீளும் தசமம் என்று பெயர், அப்படிப் போகிறபோது அது சரியாக ஐந்தேதான், ஒரு துளியும் குறையாது என்றேன். மாமா முழுவதையும் கேட்டார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"அப்ப அது முடியிறல்ல?"

"முடியாது."

"முடியாத ஒண்டு எப்பிடி மகன் முடிஞ்சி அஞ்சாகிற?"

"அது ஆகிற இல்ல மாமா. அது இப்பவே அஞ்சு."

"இப்பவே அஞ்செண்டா என்னத்துக்கு இன்னமும் ஓடிக்கிட்டிரிக்கி?"

பத்தால் பெருக்கிக் கழித்துக் காட்டினேன். நாற்பத்தொன்பது தசம் ஒன்பது ஒன்பதிலிருந்து நாலு தசம் ஒன்பது ஒன்பதைக் கழித்தால் நாற்பத்தைந்து, அதை ஒன்பதால் பிரித்தால் ஐந்து. மாமா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், சந்தையில் சீட்டு வித்தை காட்டுகிறவனின் கையைப் பார்ப்பது போல. "வால எங்க வெட்டின?" என்று கேட்டார். வெட்டவில்லை, இரண்டு வாலும் முடியாத வால், ஒன்றை ஒன்று அடித்துவிட்டது என்றேன். "முடியாத ரெண்ட எப்பிடி அளந்து பாத்த, ரெண்டும் ஒரே நீளமெண்டு?" என்றார். நான் தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன்.

இன்னொரு வழி இருந்தது. இரண்டு எண்கள் வேறு வேறு என்றால் அவற்றுக்கு நடுவில் இன்னோர் எண் இருக்க வேண்டும். அடுத்த நாள் அதைச் சவாலாகவே விட்டேன். "அஞ்சுக்கும் இதுக்கும் நடுவில ஒண்டச் செல்லுங்க பாப்பம். செல்ல ஏலா. நடுவில ஒண்டுமில்லாட்டி ரெண்டும் ஒண்டு."

மாமா அவசரப்படாமல் எச்சில் துப்பிவிட்டு வந்தார். "எனக்கும் ஒன்ட உம்மாக்கும் நடுவில ஆரும் புறக்கல்ல. அதுக்காக நானும் அவளும் ஒராளா?"

சமையலறையில் உம்மா சிரித்தது கேட்டது. அந்த வீட்டில் என் பக்கம் நின்றது கல்குலேட்டர் மட்டும்தான், அதுவும் எட்டு இலக்கம் வரைக்கும்.

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. பக்கத்து வயல்களில் மெசின் இறங்கிவிட்டது. தண்ணீர் முறை பார்க்கும் வட்டவிதானை சைக்கிளில் வந்து வாசலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "என்ன, உங்கட அஞ்சேக்கரும் சும்மா கிடக்கு? வெள்ளாமை செய்யிற எண்ணமில்லையா?" என்று கேட்டார். உம்மா என்னைப் பார்த்தார். வட்டவிதானையும் என்னைப் பார்த்தார். விசயம் வயல் வட்டை முழுக்கத் தெரிந்திருந்தது. "பெடியன் படிச்சி ஒரு துண்டுக் காணியத் தொலைச்சிட்டானாம்" என்று சந்தையில் கதைத்தார்கள். தொலைக்கவில்லை என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? ஒவ்வொருவருக்கும் பத்தால் பெருக்கிக் காட்டவா?

வரம்பைப் பிடித்துப் பார்த்தேன். "மாமா, பங்குக்கு நடுவில நீங்க கட்டப்போற வரம்பு ஒண்டர அடி அகலம். முழு நீளத்துக்கும் ஒண்டர அடி போகுது. அதக் கேக்காத ஆள் இந்த நெல்லுமணி இடத்துக்குக் கணக்குக் கேக்கிறீங்களே!"

"வரம்பு ரெண்டு பேருக்கும் பொது" என்றார் மாமா அமைதியாக. "அது எங்க கிடக்கெண்டு எனக்குத் தெரியும். நீ செல்ற துண்டு எங்க கிடக்கு? காட்டு. நான் போய்க் காவலுக்கு நிக்கிறன்."

அசர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் ஆட்கள் கலைந்த பிறகு மாமா என்னைப் பக்கத்தில் இருத்தினார். தனக்குள் ஒரு பதில் பழுத்து வந்திருக்கிறது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. விரல் கணுக்களில் பெருவிரலை வைத்தார்.

"தொழுது போட்டு என்ன ஓதின? சுப்ஹானல்லாஹ் எத்தின?"

"முப்பத்திமூண்டு."

"அல்ஹம்துலில்லாஹ்?"

"முப்பத்திமூண்டு."

"அல்லாஹு அக்பர் முப்பத்திமூண்டு. மொத்தம்?"

"தொண்ணூத்தொன்பது."

"அத நூறெண்டு செல்லேலுமா? நூறாவதுக்குக் கலிமாவ வாயத் திறந்து ஓதினாத்தான் நூறு. ஒன்ட மெசினும் மூண்டு மூண்டு மூண்டு எண்டுதான் செல்லுது, ஒன்பது ஒன்பதெண்டுதான் முடிக்கிது. நூறாவத ஆரு செல்ற?"

நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அது எண்ணுவது, இது பிரிப்பது என்றேன். எண்ணுவதில் கடைசி ஒன்று இருக்கிறது, பிரிப்பதில் கடைசி என்ற ஒன்றே இல்லை என்றேன். கடைசி இல்லாததால்தான் குறையும் இல்லை என்றேன். பள்ளிவாசலில் சத்தம் போடக் கூடாது என்று தூணுக்கு அப்பாலிருந்து யாரோ அதட்டினார்கள்.

ஒன்றை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். இதை வகுப்பில் முதன்முதலில் கேட்டபோது நானும் நம்பவில்லை. ஆசிரியர் கரும்பலகையில் எழுதிவிட்டு மணியடித்ததும் போய்விட்டார். இரண்டு நாள் பஸ்ஸில் நின்றபடி அதையே யோசித்தேன். எங்கோ ஓரிடத்தில் ஒரு பொட்டு மிச்சம் இருக்கத்தான் வேண்டும் என்று பட்டது. மூன்றாம் நாள் பரீட்சை என்றார்கள், நம்பிவிட்டேன். மாமாவோடு மோதிய நாட்களில் எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி, அவர் கேட்டதெல்லாம் நான் ஆசிரியரிடம் கேட்காமல் விட்ட கேள்விகளாக இருந்ததால் வந்தது. அவருக்குப் பரீட்சை இல்லை. அவர் ஏன் நம்ப வேண்டும்?

தண்ணீர் திறக்க இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் குடியின் மரைக்காரைக் கூட்டி வந்தேன். பள்ளிவாசலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் உண்டு. குடும்ப வழக்குகளை அவர்தான் தீர்ப்பார். எங்கள் மரைக்கார் அவசரக்காரர். தாளை ஒரு தடவை பார்த்தார், பேனையைக் கேட்டார். "இதென்னடா தம்பி, எறும்பு ஊருற மாதிரி? கிழிச்சிப் போடு. தங்கச்சிக்கு மூண்டிலொண்டு, காக்காக்கு மூண்டிலிரண்டு. எழுதி முடி. லுஹர் தொழுகைக்கு நேரமாகுது."

நான் எத்தனை சந்தோசமாக எழுதினேன் என்று சொல்ல முடியாது. பெருமையெல்லாம் போன இடம் தெரியவில்லை. மூன்றிலொன்று, மூன்றிலிரண்டு. கூட்டினால் ஒன்று. ஒரு வால் இல்லை, ஒரு புள்ளி இல்லை. தாளை மாமாவிடம் நீட்டினேன்.

மாமா கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"மூண்டிலொண்டு எண்டா என்னெண்டு இவன் எனக்குக் காட்டிப்போட்டான் மரைக்கார். மேலால பாத்தா மூண்டிலொண்டு. உள்ளுக்க அந்த மூண்டு மூண்டு மூண்டு கிடந்து ஓடிக்கிட்டிரிக்கி. சட்டையப் போட்டு மூடினாப்பல அது இல்லாமப் போயிருமா? முந்தியெண்டாத் தெரியாது, ஒப்பம் வைச்சிருப்பன். இப்ப தெரிஞ்சி எப்பிடி வைக்கிற?"

மரைக்கார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "தம்பி," என்றார், "காலங்காலமா மூண்டிலொண்டு நல்லாத்தானே இருந்திச்சி. அதுக்க என்னத்துக்குக் கைய விட்ட?"

அழுகை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. குறையில்லை என்று காட்டத்தான் இவ்வளவும் செய்தேன். குறை இருக்கிறது என்பது மட்டும்தான் எல்லோர் மனதிலும் பதிந்திருந்தது.

அப்போதுதான் உம்மா மீன் வெட்டிய கையோடு வந்து கதவடியில் நின்றார். இத்தனை நாளும் இதில் ஒரு வார்த்தை பேசாதவர்.

"ரெண்டு பேரும் முடிச்சிட்டீங்களா? நாளையண்டைக்குத் தண்ணி துறக்காங்க. மாரிக்கி நான் என்ன ஒன்பதயா அவிச்சிப் போடுற?" மாமாவின் பக்கம் திரும்பினார். "காக்கா, அந்த மிச்சம் என்ட பங்கில கொறஞ்சதெண்டா நான் உங்களுக்கு ஹலாலாக்கிட்டன். மனசறிஞ்சி செல்றன். மறுமையில கேக்க மாட்டன்."

மாமா நிமிர்ந்தார். அந்த முகத்தில் பதினொரு நாளாக இருந்த இறுக்கம் தளர்ந்ததை நான் பார்த்தேன். கடன் பட்டவர், வாய் தவறிப் பேசியவர், பயணம் போகிறவர் எல்லோரும் எங்கள் ஊரில் ஒருவரிடம் ஒருவர் கேட்டு வாங்கிக்கொள்வது இந்த விட்டுக்கொடுப்பைத்தான். ஒருவர் ஹலாலாக்கிவிட்டால் பிறகு அதற்குக் கேள்வி கணக்கு இல்லை.

"என்ட பங்கில கொறஞ்சிருந்தா?" என்று மாமா தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "நானும் ஒனக்கு ஹலாலாக்கிட்டன் தங்கச்சி."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று மரைக்கார் தொப்பியைச் சரி செய்தார். "அதையும் எழுது தம்பி. மிகுதியை இருவரும் ஒருவருக்கொருவர் ஹலாலாக்கிக்கொண்டனர்."

நான் பேனையைக் கீழே வைத்தேன். "நான் எழுதமாட்டன்."

"என்னடா?"

"இல்லாத ஒண்ட எப்பிடி ஹலாலாக்கிற? மிகுதியெண்டு எழுதினா மிகுதி இரிக்கெண்டு ஆகிரும். பூச்சியத்த மன்னிக்கிறதுக்கு ஒரு தாளா?"

உம்மா என்னை நேராகப் பார்த்தார். மீன் செதிள் மணிக்கட்டில் ஒட்டியிருந்தது. "இல்லாததுதானே மகன்? இல்லாதத எழுதுறதில ஒனக்கென்ன கொறயப்போகுது?"

பேனையை எடுத்தேன். 'மிகுதி ஏதும் இருப்பின்' என்று தொடங்கினேன். அந்த இரண்டு சொல்லையாவது கணிதத்துக்காகக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மரைக்கார் உரத்து வாசித்தார். மாமாவின் கை மறுபடியும் மடிக்குப் போனது.

"இருந்தாத்தானா? அப்ப இல்லையெண்டும் வைக்கலாமா? இல்லாதத அவள் எனக்குத் தந்தா நான் என்னத்த வாங்கின? வெட்டு மகன் அத."

வெளியே ஒழுங்கையில் உழவு மெசின்காரன் வந்து நின்றான். உம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார் போலும். இன்றைக்கு இல்லையென்றால் இனி வேறு வயலுக்குப் போய்விடுவேன் என்று அங்கிருந்தே கத்தினான்.

'ஏதும் இருப்பின்' என்ற இரண்டு சொல்லையும் வெட்டினேன். வெட்டிய இடத்திலும் தாளின் அடியிலும் மூன்று பேரும் சாட்சியாக அடையாளம் வைக்க வேண்டும் என்று மரைக்கார் சொன்னார். உம்மா மீன் கையைக் கழுவிவிட்டு வந்து பெருவிரல் வைத்தார். மாமா பிஸ்மில்லாஹ் சொல்லித் தன் பெயரை அரபு எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார். நானும் வைத்தேன். தவறான ஒரு கூற்றுக்குக் கீழே நான் வைத்த முதல் கையெழுத்து அது.

மாமா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். பதினொரு நாளில் முதல் தடவையாக என் முதுகில் தட்டினார்.

"ஒன்ட கணக்கு சரிதான் மகன். இப்ப மிச்சமில்ல. அஞ்சேக்கரும் அஞ்சேக்கர்தான்."

"அது முதல்லேயே அஞ்சுதான் மாமா!" என்றேன்.

மெசின் ஸ்டார்ட் ஆகிவிட்டிருந்தது. மாமா அதன் மட்காட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, காதில் கையை வைத்து, என்ன என்று கேட்டார். இன்னொரு தடவை கத்தினேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டே வயலுக்குப் போனார்.